நான்கு சர்க்கரைப் பொட்டலங்கள்

2017 அக்டோபரில் என் பிரசவத்துக்காக அம்மா சிகாகோ வந்தாள். அப்போது அவளுக்கு வயது 64. அதற்கு முன் விமானத்தில் ஏறியதே இல்லை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குத் தனியாக ரயிலில் வந்ததுகூட இரண்டோ மூன்றோ முறைதான். சென்னையில் விடிகாலை விமானம், வளைகுடா நகரம் ஒன்றில் மூன்று மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரம் ஒரே பறப்பு. விமான நிலையங்களில் அலைய வேண்டாம் என்று வீல்சேருக்குச் சொல்லி வைத்தேன். விசா, இன்ஷூரன்ஸ், குளிருக்கு ஸ்வெட்டர், குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார் என்பதற்கு ஒத்திகை என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கும்போது 'வெஜிடேரியன்' என்று கண்ணில் பட்ட முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "பிளேன்ல சாப்பாடெல்லாம் எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டேன். "நல்லா குடுத்தாடி, குறையே இல்லை" என்றாள். அன்று ராத்திரி அவள் கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுக்கப் போனபோது, டிஷ்யூ தாளில் சுற்றிய இரண்டு உருண்டை ரொட்டிகள் இருந்தன. கல்லாகியிருந்தன. பக்கத்தில் நான்கு சர்க்கரைப் பொட்டலங்கள், காபிக்குக் கொடுப்பார்களே, அந்தக் குச்சி மாதிரி பொட்டலங்கள். ரொட்டி புரிந்தது. வீணாக்க மனசு வராமல் எடுத்து வைத்திருப்பாள். பதினோரு வருஷமாகச் சர்க்கரை வியாதியோடு வாழும் அம்மா எதற்குச் சர்க்கரையைச் சேர்த்து வைத்தாள் என்பதுதான் புரியவில்லை.

ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

சென்னையிலிருந்து கிளம்பிய முதல் விமானத்தில் பிரச்சினை இல்லை. பொங்கலும் சாம்பாரும் வந்திருக்கிறது. விடிகாலை ஐந்தரை மணிக்கு யாருக்குப் பசிக்கும், பாதி சாப்பிட்டிருக்கிறாள். இரண்டாவது விமானம் ஏறிய பிறகு கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்திருக்கிறாள். அது இந்திய நேரம் காட்டியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையைப் போட்டுவிட்டாள். தட்டு வந்தது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. ஃபாயிலைப் பிரித்தால், "ரவையை வறுக்காம வேகவிடாம அப்படியே நனைச்சுக் குடுத்த மாதிரி ஏதோ ஒண்ணு", அது கூஸ்கூஸ். அதன் மேல் வேகவைத்த சுரைக்காய் மாதிரி பச்சைக் காய்த் துண்டுகள், கேரட், உப்பே இல்லாத பீன்ஸ். தயிர் கிடையாது. ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் சோறு மாதிரி எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்கலாமா, கேட்டால் அதில் என்ன கறி இருக்குமோ, எந்த மொழியில் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தட்டை எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சர்க்கரை இறங்கும்போது அப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தட்டிலிருந்து எடுத்து வைத்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடித்திருக்கிறாள். அது போதவில்லை. தள்ளாடி எழுந்து பின்பக்கம் போய், காபிக் கோப்பையைக் காட்டி, விரலால் சைகை காட்டி, ஒரு கை நிறைய சர்க்கரை வாங்கி வந்திருக்கிறாள். மிச்சம் இருந்ததுதான் கைப்பையில் நான் பார்த்த நான்கு பொட்டலம். இறங்குவதற்கு முன் வந்த தட்டில் ஒரு வாழைப்பழம் இருந்ததாம். அதைக் கார் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டிருக்கிறாள். விமான நிலையத்தில் ஒரு நாய் வந்து அந்தப் பையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதிகாரி பழத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பிவிட்டார். அந்த இருபத்து நாலு மணி நேரத்தில் அவள் ஆசையாகச் சாப்பிட வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"ஏம்மா இதை முதல்லயே சொல்லலை?" என்று கேட்டதற்கு, "பிள்ளை பெறப்போறவ கிட்ட இதையா சொல்லுவா?" என்றாள்.

விமானச் சாப்பாடு சரியில்லை என்று சொல்லாதவர்கள் கிடையாது. நானும் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் ஏமாற்றம் ருசியோடு முடிந்துவிடும். மருமகளுக்கோ மகளுக்கோ பிரசவம் பார்க்க வருகிற நம் அம்மாக்களுக்கு அது உடம்பு வரைக்கும் போகிறது. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், பிறகு சொல்லவும் மாட்டார்கள். அதனால்தான் நான் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் அந்த டிக். விமான நிறுவனங்கள் சிறப்பு உணவுகளுக்கு நான்கு எழுத்துக் குறியீடு வைத்திருக்கின்றன. பெரும்பாலான நிறுவனங்களில் இவை ஒன்றுதான். நான் அம்மாவுக்குப் போட்டது வி.ஜி.எம்.எல். அது பால், தயிர், நெய் எதுவும் இல்லாத வீகன் உணவு. நம் ஊரில் 'வெஜ்' என்றால் தயிர்சாதம் அதில் உண்டு. அந்தக் குறியீட்டில் அது கிடையாது. வி.எல்.எம்.எல். என்று இன்னொன்று உண்டு. அதில் பால் உண்டு, ஆனால் முட்டையும் வரும். காலைச் சாப்பாட்டுக்கு ஆம்லெட் வந்து நிற்கும். நம் வீட்டுச் சைவச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வருவது ஏ.வி.எம்.எல். ஆசிய சைவம் அல்லது இந்து சைவம் என்று பெயர் போட்டிருப்பார்கள். சாதம், பருப்பு, மசாலா போட்ட காய், பெரும்பாலும் தயிரும் இருக்கும். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காதவர்களுக்கு ஜைன உணவான வி.ஜே.எம்.எல். இருக்கிறது. அசைவம் சாப்பிடுபவர்கள், மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் ஹெச்.என்.எம்.எல். இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நிறுவனங்களிலும் இல்லை.

சர்க்கரை வியாதிக்கும் டி.பி.எம்.எல். என்று தனிக் குறியீடு உண்டு. அதை நான் அடுத்த முறை ஆசையாகத் தேர்ந்தெடுக்கப் போனேன். நல்ல வேளை, விவரத்தைப் படித்தேன். அதில் கோழியோ மீனோ வரலாம். ஒரு பயணிக்கு ஒரு குறியீடுதான் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். சைவமும் சர்க்கரையும் சேர்த்துக் கேட்க முடியாது. அம்மா மாதிரி இரண்டும் இருப்பவர்கள் ஏ.வி.எம்.எல். போட்டுவிட்டு, இனிப்பைத் தொடாமல், சாதத்தில் பாதியை ஒதுக்கிவிடுவதுதான் நடைமுறைக்கு வரும்.

இவற்றைப் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் 48 மணி நேரம். விமானச் சமையல் நடப்பது தரையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சமையற்கூடத்தில். சமைத்து, வேகமாகக் குளிர வைத்து, குளிரிலேயே வைத்திருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். மேலே இருப்பது சூடாக்கும் அடுப்பு மட்டும். கடைசி நேரத்தில் கேட்டால் பணிப்பெண் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை. சாப்பாடு எந்த ஊரில் ஏற்றப்படுகிறதோ அந்த ஊர்க் கைமணம்தான் வரும் என்பதும் இதனால்தான். சென்னையில் ஏறினால் பொங்கலோ உப்புமாவோ வர வாய்ப்புண்டு. அதே ஏ.வி.எம்.எல். அமெரிக்காவில் ஏறும்போது பாஸ்மதி சாதமும் ராஜ்மாவும் கொண்டைக்கடலையுமாக மாறிவிடும்.

ராஜ்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்கிற அளவுக்குத்தான் இருக்கும். ஊட்டியின் உயரம் 7,300 அடிக்கு மேல். கிட்டத்தட்ட அந்த மாதிரி. கையில் கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றிலிருக்கும் காற்றும் அதே மாதிரிதான் விரியும், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் வயிற்றில் ராஜ்மாவும் குளிர்பானமும் போனால் வயதானவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அம்மா இப்போது அதில் சாதத்தையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு பயறை ஒதுக்கிவிடுகிறாள்.

விமானச் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருப்பதற்கும் இதே காற்றுதான் காரணம். 2010-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், தரையிலேயே ஒரு பழைய விமானத்தின் உடலை வைத்து, அதற்குள் மேலே இருக்கிற மாதிரி குறைந்த அழுத்தமும் வறட்சியும் உண்டாக்கி, ஆட்களைச் சாப்பிட வைத்துப் பார்த்தது. உப்பு 20 முதல் 30 சதவீதம் வரை குறைவாகவும், இனிப்பு 15 முதல் 20 சதவீதம் வரை குறைவாகவும் நாக்குக்குத் தெரிந்தது. மூக்கு உலர்ந்துவிடுவதால் வாசனை சரியாகத் தெரியாது. வாசனை போனால் ருசியில் பாதி போச்சு. ஆனால் புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறைவதில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது புளியோதரை. புளியும் மிளகாயும் பெருங்காயமும்தான் அதில் எல்லாமே. அம்மாவின் அம்மா ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த சோறு, ஆகாயத்திலும் ருசி குறையாமல் நிற்கக்கூடிய சோறு.

சரி, திரும்பிப் போன கதைக்கு வருகிறேன். 2018 மார்ச்சில் அம்மாவோடு நானும் ஐந்து மாதக் குழந்தையும் இந்தியா போனோம். இந்தத் தடவை ஏ.வி.எம்.எல். சரியாகப் போட்டிருந்தேன், நிம்மதியாக ஏறினேன். குழந்தைத் தொட்டில் மாட்டுகிற முன்வரிசை சீட்டுக்கு எங்களை மாற்றினார்கள். சிறப்பு உணவுகள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். பெட்டியின் மேல் சீட் எண்தான் ஒட்டியிருக்கும். எங்கள் இரண்டு பெட்டியும் பழைய சீட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்ல, எங்கோ திரும்பிவிட்டன. நான் எழுந்து போய்க் கேட்டு, தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் இருந்ததால் நடந்தது. அம்மா மட்டும் இருந்திருந்தால் மறுபடியும் ரொட்டிதான். சீட் மாறினால் அந்த நிமிஷமே, பெல்ட் போடும்போதே, "எங்களுக்குச் சிறப்பு உணவு இருக்கிறது, இந்த எண்ணிலிருந்து மாறியிருக்கிறோம்" என்று சொல்லிவிட வேண்டும்.

வளைகுடாவிலிருந்து சென்னைக்குப் போன அடுத்த விமானத்தில் எங்கள் பெயரில் எந்தச் சிறப்பு உணவும் இல்லை. டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், அந்த விமானத்தை ஓட்டியது வேறு நிறுவனம். ஒருவரிடம் நான் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஓட்டுகிற நிறுவனத்துக்கே போன் பண்ணி ஒரு தடவை கேட்கிறேன். விமானம் ரத்தாகி வேறு விமானத்துக்கு மாற்றினார்கள் என்றால் பழைய பதிவு கூடவே வரும் என்று நம்பவே வேண்டாம். செக்-இன் கவுண்டரில் இன்னொரு தடவை கேளுங்கள். நச்சரிக்கிறோமோ என்று தயங்க வேண்டாம்.

கும்பகோணத்தில் எங்கள் குடும்ப டாக்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் சொன்னார்: "வாட்சைப் பார்த்து மாத்திரை போடாதீங்க, தட்டைப் பார்த்துப் போடுங்க." தட்டு முன்னால் வந்து, திறந்து பார்த்து, இதைச் சாப்பிட முடியும் என்று தெரிந்த பிறகுதான் மாத்திரை. மேற்கே போகும்போது சிகாகோவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை. அன்றைய பகல் நீண்டுகொண்டே போகும். அதற்கு எத்தனை வேளை மாத்திரை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது அம்மாவின் மாத்திரைக்கு, அம்மாவின் உடம்புக்குப் போட்ட கணக்கு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது உங்கள் டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டி இதைக் கேட்டுவிடுங்கள். மாத்திரையும் க்ளூக்கோஸ் பிஸ்கட்டும் மேலே வைக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது. காலடியில், கைக்கு எட்டுகிற பையில் இருக்க வேண்டும்.

தொலைதூர விமானத்தில் முதல் தட்டு கிளம்பி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். அடுத்தது இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. நடுவில் பத்து மணி நேரம் போல இருக்கும். விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில்தான் வயதானவர்கள் பட்டினி கிடக்கிறார்கள். பின்பக்கச் சமையல் மூலையில் போய்க் கேட்டால் பழமோ பிஸ்கட்டோ ஜூஸோ கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்தப் பத்து மணி நேரத்துக்கு நாங்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்கிறோம். பொடி இட்லிதான் முதல் தேர்வு. இட்லி நன்றாக ஆறிய பிறகு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் சுற்றி, அதன் மேல் ஃபாயில். சூட்டோடு மூடினால் வேர்த்து நொசநொசத்துவிடும். சட்னி, சாம்பார், தயிர் எதுவும் வேண்டாம். குழகுழப்பாக இருப்பதெல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் போய்விடும், 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். நடுவழியில் விமானம் மாறும்போது அங்கேயும் ஒரு சோதனை உண்டு. முதல் நாளே செய்து வைத்த சாதத்தை எடுத்துப் போகாதீர்கள். சாதம் அறைச் சூட்டில் நேரமாக ஆக வயிற்றைக் கெடுக்கும். கிளம்புகிற அன்று கலந்த புளியோதரை, அதுவும் முதல் விமானத்தோடு தீர்ந்துவிடுகிற அளவு. பிறகு தட்டை, வறுத்த வேர்க்கடலை. இவை இறங்கும் வரை கெடாது.

இன்னொன்று, அவல். கெட்டி இல்லாத மெல்லிய அவலை வறுத்து, தாளித்த கடுகு, வேர்க்கடலை, மிளகாய், உப்பு, கொஞ்சம் ஆம்சூர் பொடி (காய்ந்த மாங்காய்ப் பொடி) சேர்த்துச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டால், வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் உப்புமா. மேலே தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் நூடுல்ஸ் சரியாக வேகாது, ஆனால் அவலுக்கு அது தாராளம். விமானம் குலுங்கிக்கொண்டிருக்கும்போது வெந்நீர் தர மாட்டார்கள். அடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, சத்துமாவு போன்றவற்றைக் கிலோ கணக்கில் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். 2018-லிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடியைக் கையில் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். இறங்கும்போது, தட்டில் கொடுத்த பழமாக இருந்தாலும் அங்கேயே சாப்பிடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பழமோ காயோ வெளியே கொண்டுபோய்ச் சொல்லாமல் விட்டால் அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அம்மாவைச் சும்மா விட்டது அந்த அதிகாரியின் நல்ல மனசு.

2019 ஜூனில் அம்மா மறுபடி தனியாக வந்தாள். இந்தத் தடவை ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். 'என் சீட் எண் இது. எனக்கு ஏ.வி.எம்.எல். உணவு சொல்லியிருக்கிறது. முட்டையும் இறைச்சியும் சாப்பிட மாட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. நடுவில் பசித்தால் வெந்நீரும் ஏதாவது சாப்பிடவும் தாருங்கள். நடுங்கினால் உடனே ஜூஸ் கொடுங்கள்.' ஏறி உட்கார்ந்ததும் முதலில் வருகிற பணிப்பெண்ணிடம் இதைக் காட்டு, வெட்கப்படாதே என்று பத்துத் தடவை சொன்னேன்.

சிகாகோவில் வெளியே வந்ததும் அவளாகவே ஆரம்பித்தாள். பொடி இட்லி ஆறு, அவல் ஒரு டப்பா, தட்டில் வந்த தயிர். பருப்பில் உப்பில்லை, பொடியைத் தூவிச் சாப்பிட்டாளாம். அட்டையைப் பார்த்த பெண் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். ரொட்டியை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த அட்டை இன்னும் அவள் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. போன மாதம் வேறு எதற்கோ அதைத் திறந்தபோது பார்த்தேன். நான் எழுதியதற்குக் கீழே, பென்சிலில், அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'காபிப்பொடி இரண்டு பாக்கெட் கேட்கவும். ஒன்று போட்டால் வெந்நீர் மாதிரி இருக்கிறது.'